வெள்ளையா இருந்தா மழையா?

போன வாரம் அரியர் பேப்பர் புராணம் பாடி உங்களை அழ வைத்தேன். இந்த வாரம் நெல். 'இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணுக்கு நெல்லைப் பத்தி என்ன தெரியும்?'னு கேட்கறீங்களா? ஒண்ணும் தெரியாது. தெரியாமலே வாயை விட்டதுதான் கதை!

நான் ஈ.சி.இ. மூன்றாம் வருஷம். சொந்த ஊர் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டாம் வருஷம் படிக்கும்போது காலேஜில் இரண்டு நாள் ரிமோட் சென்சிங் ஒர்க்‌ஷாப் நடந்தது. சர்டிஃபிகேட் உண்டு, ஃபைல் உண்டு, மத்தியானம் வெஜ் பிரியாணி உண்டு. விடுவோமா? போனேன். செயற்கைக்கோள் படத்தை டவுன்லோடு பண்ண, கலர் மாற்ற, நம்ம மாவட்டத்தை மட்டும் பெரிசு பண்ணிப் பார்க்க எல்லாம் கற்றுக்கொண்டேன். அடுத்த வாரமே எங்கள் ஃபேமிலியின் வானிலை மையம் யாருன்னு நினைக்கறீங்க? அடியேன்தான்!

அது 2024 அக்டோபர். டெல்டாவில் குறுவை அறுவடை நேரம். சித்தப்பா அறுத்த நெல்லை ரோட்டோரம் கொட்டிக் காயப் போட்டிருந்தார். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அரசு கொள்முதல் நிலையங்களில் வழக்கமான வரம்பு. அதனால் அந்த நாட்களில் டெல்டா விவசாயிகள் பாதி நேரம் நெல்லையும் பாதி நேரம் வானத்தையும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஹாஸ்டலிலிருந்து போன் போட்டேன். "சித்தப்பா, படத்துல தஞ்சாவூர் பூரா வெள்ளை வெளேர்னு இருக்கு. செம மழை வரும். படுதா போட்டு மூடிடுங்க!"

அவரும் நம்பி மூடினார். அன்றைக்கு முழுக்க வானம் பால் தெளித்த மாதிரி இருந்ததாம். பொட்டுத் தூறல் இல்லை. படுதாவுக்குள் நெல் வியர்த்ததுதான் மிச்சம்.

சரி, அடுத்த தடவை கரெக்டா சொல்லிடணும்னு வெறியோடு இருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் படத்தைத் திறந்தால் எங்கள் ஊருக்கு மேல் வெள்ளையே இல்லை. கொஞ்சம் மங்கலான சாம்பல், அவ்வளவுதான். "க்ளியரா இருக்கு சித்தப்பா. தைரியமா காயப் போடுங்க!"

எட்டு மணிக்கு நெல்லைப் பரப்பினார். ஒன்பதரைக்குப் பிடித்த மழை நாற்பது நிமிஷம் விடவில்லை. இரண்டு பேர் ஓடிவந்து அள்ளுவதற்குள் பாதி நெல் ரோட்டோரத் தண்ணீரில். நனைந்த நெல்லைக் குவித்து வைத்ததில் சூடேறி, கொஞ்சம் முளைத்தே விட்டது. அந்த மூட்டைகளை வந்த விலைக்கு ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "போவட்டும் விடும்மா, நீ படிக்கிற புள்ள"ன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டார். அன்றைக்கு ராத்திரி மெஸ்ஸில் சாப்பாடு இறங்கலை.

படத்துக்குள்ள என்ன மேட்டர்?

கோபத்தில் மறுபடியும் அந்த இரண்டு படங்களையும் எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த குட்டி எழுத்தை அப்போதுதான் படித்தேன். அகச்சிவப்பு, அதாவது இன்ஃப்ராரெட் படம். நான் மேகத்தின் போட்டோ என்று நினைத்துக்கொண்டிருந்தது நிஜத்தில் சூட்டின் வரைபடம்!

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. செமஸ்டருக்கு வராது, ஆனால் வாழ்க்கைக்கு வரும்.

நம்ம வானிலைப் படங்கள் வருவது இன்சாட் வரிசை செயற்கைக்கோள்களிலிருந்து. 2016-ல் ஏவிய இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இன்சாட்-3டிஎஸ் எல்லாம் இந்த வகை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால் நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அதிலிருக்கும் 'இமேஜர்' கருவிக்கு ஆறு அலைவரிசைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லும்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியும் ஒளி. சூரிய வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும். நம்ம செல்போன் கேமரா மாதிரி. ராத்திரியில் வேலைக்கு ஆகாது.

அகச்சிவப்புக்கு வெளிச்சமே வேண்டாம். மேகத்தின் மேல்பகுதி எவ்வளவு குளிராக இருக்கிறது என்பதை அளக்கும். இருபத்துநாலு மணி நேரமும் வேலை செய்யும். குளிர்ந்த இடத்தை வெள்ளையாகவும் சூடான இடத்தைக் கறுப்பாகவும் காட்டுவது வழக்கம். நீராவிக்குத் தனி அலைவரிசை இருக்கிறது. அது மேல் வானத்தில் ஈரம் எங்கே ஓடுகிறது என்று காட்டும்.

மேலே போகப் போகக் காற்று குளிரும் என்று ஸ்கூலிலேயே படித்திருக்கிறோம். தோராயமாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி. தரையில் 28 டிகிரி என்றால், 12 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 50. மூன்று கிலோமீட்டரில் இன்னும் 8 டிகிரிக்கு மேலேயே இருக்கும்.

இப்போ என் முட்டாள்தனத்தைப் போஸ்ட்மார்ட்டம் பண்ணலாமா? முதல் நாள் எங்கள் ஊருக்கு மேல் இருந்தது ரொம்ப உயரத்தில் பரவிய கீற்று மேகம். கடலில் எங்கேயோ கொட்டித் தீர்த்த ஒரு மேகக் கூட்டத்தின் தலைப்பகுதி காற்றில் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்திருக்கும். படு குளிர், அதனால் படு வெள்ளை. ஆனால் மழை தராது. மறுநாள் வந்தது கடற்காற்றோடு தாழ்வாக நகர்ந்து வந்த மேகம். அதன் மேல்பகுதி அவ்வளவு குளிர் இல்லை, அதனால் படத்தில் சாம்பல். ஆனால் வயிறு நிறையத் தண்ணீர்! வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம்ம கடலோர மாவட்டங்களில் இந்த மாதிரி மேகம் சகஜம்.

செயற்கைக்கோள் பொய் சொல்லலை பாஸ். 'மேகத்தோட உச்சி எவ்வளவு குளிரா இருக்கு?' என்ற கேள்விக்குக் கரெக்டாகப் பதில் சொன்னது. 'நெல்லு காயப் போடலாமா?' என்று அதை யாரும் கேட்கவே இல்லை. அந்தப் பதிலை நானாகக் கற்பனை பண்ணிக்கொண்டேன்.

64 ஸ்லைடும் ஒரு டம்ளரும்

ஒரு வருஷம் கழித்து, அதே அக்டோபர். எங்கள் காலேஜ் சயின்ஸ் கிளப்பிலிருந்து கும்பகோணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போனோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர், பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து ஆறு டீச்சர்கள். தலைப்பு, 'வானிலையும் செயற்கைக்கோளும்'. நான் 64 ஸ்லைடு தயார் பண்ணி வைத்திருந்தேன். எனக்கு ஒர்க்‌ஷாப்பில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்களோ, அதே மாதிரி!

ஆரம்பிப்பதற்கு முன் ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கும் புவியியல் சார் ஒருத்தர் மெதுவாகக் கேட்டார். "இதுல நீங்க எவ்வளவு நேரம் பேசுவீங்கம்மா?"

"ரெண்டு மணி நேரம் சார்."

"அந்த ரெண்டு மணி நேரமும் பசங்க என்ன செய்வாங்க?"

பதில் இல்லை. ஸ்லைடை ஓரங்கட்டினோம்.

நல்லவேளை, மெக்கானிக்கல் லேபிலிருந்து ஒரு அகச்சிவப்பு தெர்மாமீட்டர் கடன் வாங்கி வந்திருந்தோம். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதன் அண்ணன். (நெற்றிக்கு வைக்கும் தம்பி உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான். வானத்துக்கு நீட்டினால் 'லோ' என்று காட்டிட்டுக் கையை விரிச்சிடும். ட்ரை பண்ணி அசிங்கப்பட்டோம்!) தொடாமல் சூட்டை அளப்பதால், இதுவும் ஒரு ரிமோட் சென்சிங் கருவிதான். 36,000 கிலோமீட்டருக்குப் பதில் அரை அடி தூரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகள் சுவரை அளந்தார்கள், டெஸ்க்கை அளந்தார்கள், தூங்கி வழிந்த ஒருத்தனின் மண்டையை அளந்தார்கள். அப்புறம் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிய எவர்சில்வர் டம்ளர். வெளிப்பக்கத்தை அளந்தால் வெறும் 36 டிகிரி! தொட்டுப் பார்த்த பையன் 'ஆ'ன்னு கையை உதறுகிறான்.

"அக்கா, மெஷினு பொய் சொல்லுது!"

டம்ளரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின் மேல் அளக்கச் சொன்னேன். 70-க்கு மேல் காட்டியது. பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிர்வீச்சாக ரொம்பக் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். சுற்றியிருக்கும் சுவரின் சூட்டைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். கருவி பாவம், சுவரை டம்ளர் என்று நினைத்துக்கொண்டது. செயற்கைக்கோள் கருவிகளைச் செய்கிறவர்களும் கடல், மணல், பனி என்று ஒவ்வொரு பரப்புக்கும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். 64 ஸ்லைடில் நான் சொல்ல நினைத்ததை ஒரு டம்ளர் டீ சொல்லிவிட்டது.

அடுத்து கிரவுண்டுக்குப் போய் வானத்துக்கு நேரே நீட்டினோம். நீலம் தெரிந்த இடத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டி, தாழ்வான மேகத்தில் 18. "நாம மேகத்தோட அடியைப் பார்க்கிறோம். செயற்கைக்கோள் எதைப் பார்க்கும்?"னு கேட்டேன். "தலையை!"ன்னு கோரஸ். மீதியை அவர்களே கண்டுபிடித்தார்கள். உயரமான மேகம் குளிரும், குளிர்ந்தால் வெள்ளை, வெள்ளை என்றாலே மழை என்று அர்த்தமில்லை. எனக்கு ஒரு மூட்டை முளைத்த நெல் தேவைப்பட்ட பாடம், அவர்களுக்கு இருபது நிமிஷத்தில்!

மனசு கேட்காமல் சித்தப்பா கதையைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாருமே சிரிக்கவில்லை. முதல் பெஞ்ச் பொண்ணு எழுந்தாள். "எங்க வீட்டுலயும் நெல்லு கெடக்கு அக்கா. இன்னிக்குக் காயப் போடலாமா?"

நாற்பது ஜோடிக் கண்கள். ஆறு டீச்சர்கள். என் கையில் லேட்டஸ்ட் படம். 'போடலாம்'னு சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"இந்தப் படத்தை மட்டும் வச்சு எனக்குச் சொல்லத் தெரியாதும்மா"ன்னேன். அப்புறம் சேர்ந்து பார்த்தோம். காரைக்கால் ரேடார் படம், அது மேகத்தைத் தாண்டி மழைத் துளியையே பார்க்கும். சென்னை வானிலை மையத்தின் அன்றைய அறிவிப்பு. மழை வாய்ப்பு இருக்கிறது என்றுதான் போட்டிருந்தது. "காயப் போடலாம். ஆனா படுதாவைக் கையெட்டுற தூரத்துல வச்சுக்கச் சொல்லு." போன் பண்ண அவள் டீச்சரிடம் ஓடினாள். சாயங்காலம் வரை எனக்குத்தான் வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. நல்லபடியாக மழை வரவில்லை.

தரையில் ஒரு சாட்சி

பெரியவர்களும் இப்படித் தரையைத் தொட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள். இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று சொல்லப்படும் பிஷாரோட் ராம பிஷாரோட்டி அடிப்படையில் ஒரு வானிலை விஞ்ஞானி. 1970-ஐ ஒட்டி கேரளாவில் தென்னைகளுக்கு வேர்வாடல் நோய் வந்தபோது, ஹெலிகாப்டரில் அகச்சிவப்பு ஃபிலிமோடு பறந்து படம் எடுத்தது அவருடைய குழு. தரையிலிருந்து பார்த்தால் நன்றாக இருந்த மரங்களில்கூட நோய் படத்தில் தெரிந்தது. ஆனால் படத்தில் வேறு மாதிரி தெரிகிற மரம் நிஜமாகவே நோயாளிதானா என்று மரத்தடிக்குப் போய்ப் பார்த்தால்தானே அந்தப் படத்துக்கு அர்த்தம்? இந்தத் துறையில் இதற்கு 'கிரவுண்ட் ட்ரூத்' என்று பெயர். தரைச் சாட்சி என்று வைத்துக்கொள்வோம்.

1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'குளோப்' திட்டம், இந்தச் சாட்சி வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடமே கொடுத்தது. மாணவர்கள் கீழிருந்து மேகத்தைப் பார்த்து எழுத வேண்டும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்ததோடு அதை நாசா ஒப்பிட்டுப் பார்க்கும். உயரமான மேகத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் தாழ்வான மேகம் மேலிருந்து தெரியாது. எட்டாம் வகுப்புப் பொண்ணுக்குத் தெரியும்!

கொஞ்சம் டெக்னிக்கலாக இறங்க நினைக்கும் ஈ.சி.இ. மக்களுக்கு ஒரு சோகச் செய்தி. 1963-லிருந்து வானிலைச் செயற்கைக்கோள்கள் 'ஏபிடி' என்ற எளிய முறையில் படங்களை ஒலிபரப்பி வந்தன. 137 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு ஆன்டெனா கட்டினால் போதும், ஸ்கூல் மொட்டை மாடியிலேயே படம் பிடிக்கலாம். எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் செயற்கைக்கோள் பாடம். 2025-ல் நோவா-18, அதே ஆகஸ்ட்டில் நோவா-19, நோவா-15 என்று மூன்றும் ஓய்வுக்குப் போக, அமெரிக்காவின் ஏபிடி சகாப்தம் முடிந்தது. நான் ஆன்டெனாவுக்கு அலுமினியக் கம்பி வாங்கி வைத்தது செப்டம்பரில். என் ராசி அப்படி!

ஆனால் மழைமானியை யாரும் நிறுத்த முடியாது. அன்று பள்ளியில் கடைசியாகச் செய்தது அதைத்தான். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகப் புனல் மாதிரி செருகணும். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராக ஆரம்பிக்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே 'பூஜ்ஜியம்' கோடு. அதற்கு மேல் ஸ்கேலை ஒட்டினால் முடிந்தது. மரம், கூரை இல்லாத திறந்த இடத்தில் வைத்து தினமும் காலை 8.30-க்குப் பார்க்கணும். இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையைக் கணக்கு வைக்கும் நேரமும் அதுதான். ஒரு மி.மீ. மழை என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர்.

பதினோரு பேர் வீட்டில் வைத்தார்கள். அடுத்த வாரம் ஒரு ராத்திரி மழை. காலையில் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் 41 மி.மீ. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டில் 12. பிள்ளைகளுக்குள் 'நீ தப்பா அளந்தே'ன்னு ஒரே சண்டை! இன்சாட்டின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி சுமார் 4 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர். அந்த இரண்டு வீடும் அதற்கு ஒரே புள்ளியாகக்கூட இருக்கலாம். புவியியல் சார் அந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஊர் வரைபடமே போட்டுவிட்டாராம்.

இதையெல்லாம் வைத்து 'செயற்கைக்கோள் வேஸ்ட்'னு கிளம்பிடாதீங்க. 1999 ஒடிசா சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013-ல் அதே ஒடிசாவைத் தாக்கிய ஃபைலின் புயலில் இறந்தவர்கள் 50-க்கும் கீழே. கடலிலேயே புயலைப் பிடித்த கண்கள், முன்கூட்டியே வந்த எச்சரிக்கை, லட்சக்கணக்கான மக்களை வெளியேற்றிய நிர்வாகம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அதே சமயம், 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது நம்ம வாட்ஸ்அப் குரூப்களைப் பார்த்தீங்கதானே? தேதி இல்லாத படம், கலர் ஏற்றிய படம், எந்த அலைவரிசை என்றே தெரியாத படம். புதுச்சேரியில் மட்டும் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த எண் எந்த ஃபார்வர்டிலிருந்தும் வரவில்லை, தரையில் இருந்த மழைமானியிலிருந்து வந்தது.

'தெரியாது'ன்னு சொல்லுங்க டீச்சர்!

கிளம்பும்போது அறிவியல் டீச்சர் ஒருத்தர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா, நாளைக்குப் பசங்க ஏதாவது கேட்டு எனக்குத் தெரியலைன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் புவியியல் சார் முந்திக்கொண்டார். "தெரியாதுன்னு சொல்லுங்க டீச்சர். நாளைக்கு எட்டரைக்கு அளந்து பார்ப்போம்னும் சேர்த்துச் சொல்லுங்க."

எனக்கு ஒர்க்‌ஷாப்பில் யாரும் சொல்லித் தராதது இதுதான். படத்தைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கே நிறுத்திக்கணும், எப்போ 'தெரியாது'ன்னு சொல்லணும்னு சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லாமல் மீதியை மட்டும் கற்றுக் கொடுத்தால் என்ன ஆகும்? சித்தப்பா நெல்தான் ஆகும்!

சரி, உங்களுக்கு இந்த வார ஹோம்வொர்க். ஒரு பாட்டில் வெட்டுங்க. ஹாஸ்டல் மொட்டை மாடியில் வையுங்க. (வார்டனிடம் சொல்லிட்டு!) அடுத்த தடவை குரூப்பில் 'பயங்கரப் படம்' வந்தால், மூணே மூணு கேள்வி. எந்தத் தேதி, எத்தனை மணி? எந்த அலைவரிசை? தரையில் என்ன அளந்தாங்க? மூன்றுக்கும் பதில் இல்லைன்னா ஃபார்வர்டு பண்ணாதீங்க. நிஜமாகவே சீரியஸாகப் படிக்க ஆசை இருந்தால், டேராடூனில் இருக்கும் இஸ்ரோவின் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 2007-லிருந்து கல்லூரிகளுக்குத் தொலைதூர வகுப்புகள் நடத்தி வருகிறது. உங்க டிபார்ட்மென்ட்டில் விசாரிங்க.

சித்தப்பா? தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவருக்கும் ஒரு பாட்டில் மழைமானி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டாரே தவிர ஒண்ணும் சொல்லவில்லை. போன வாரம் காலையில் 8.35-க்குப் போன். "அம்மாடி, இங்க இருபத்திமூணு மில்லி. ஒன் சாட்டிலைட்டு எவ்வளவு சொல்லுது?"

பார்த்துச் சொல்றேன் சித்தப்பான்னேன்.

அடுத்த வாரம் லேப் எக்ஸ்டர்னல் கதையோடு வர்றேன். அதுவரைக்கும் குடையை மறக்காதீங்க!